சுவருக்கு அந்தப் பக்கம்

“செத்த பிறகுமா அவங்க நம்மளத் தொட்டுருவாங்க, அம்மா?”

சேரிக் கிறிஸ்தவர்களைத் தனியாகப் புதைப்பதற்காகக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே முன்னோர் எழுப்பிய சுவரைக் காட்டி ஞானப்பிரகாசம் கேட்டபோது அவனுக்கு ஐந்து வயது. பிலோமினா மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அவன் வளர்ந்து ஆளான பிறகு, இந்த ஐப்பசி மழையில் சுவர் விழுந்தது. ஆண்டவரே தள்ளிவிட்டார் என்று அவள் மகிழ்ந்தாள். கல்லறைத் திருநாளுக்குள் அதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று ஊரைக் கூட்டியவன் ஞானப்பிரகாசம்தான்.

“இடிஞ்ச கல்லெல்லாம் ரோசம்மா குழிமேல கெடக்குய்யா. எடுத்துப் போடச் சொல்லேன்.”

“அது அவங்க பக்கம். நமக்கென்ன?”

“நான் பிள்ளை பெத்துக் காய்ச்சல்ல கெடந்தப்ப உனக்குப் பால் கொடுத்தவடா.”

“மெதுவாப் பேசும்மா. கொத்தனார் காதுல விழப்போவுது.”

மதியம் கொத்தனார்களும் அவனும் சாப்பிடப் போனார்கள். புதுச் சுவர் முழங்கால் உயரம்தான் எழும்பியிருந்தது. பிலோமினா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைத் தாண்டினாள். ரோசம்மாவின் மேல் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் போட்டாள். பள்ளம் விழுந்த இடத்தில் கையால் மண் தள்ளி மேடாக்கினாள். கணவன் கல்லறைக்கென்று கொண்டுவந்த மெழுகுவர்த்தியை அங்கே ஏற்றினாள். காற்று அடித்தது. அணைந்துவிடாமலிருக்க அதை மகன் கட்டும் சுவரோரமாக நகர்த்தி வைத்தாள்.