கோச் யார் பக்கம்?

உணவகத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான் டெரிக். உள்ளே அவனுடைய கோச் ஹால்வர்சன், தன் தட்டிலிருந்த, இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டியைப் பாதியாக வெட்டி எதிரே இருந்தவன் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

எதிரே இருந்தவன் ஓவன் நோவாக். நாளைக்கு இறுதி ஆட்டத்தில் டெரிக்கின் அணி மோதப்போகிற ஆஷ்ஃபோர்ட் கல்லூரி ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர்.

நோவாக் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குனிந்து ஏதோ சொன்னான். கோச் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், மனுஷன் விலை போயிட்டாருடா!" விடுதிக்கு ஓடிவந்து அணித் தோழன் லூக்கிடம் கொட்டினான்.

"ஏன்டா, பாஸ்டி சாப்பிட்டா குத்தமா?"

"பாதி பாஸ்டிய எடுத்து அவனுக்கு வெச்சாருடா! நமக்கு என்னைக்காவது ஒரு காபி வாங்கிக் குடுத்திருக்காரா?"

லூக் தலையைச் சொறிந்தான். அது நிஜம்தான்.

போன வருஷம் கடைசி இடத்தில் கிடந்த அணியை இந்த வருஷம் இறுதி ஆட்டம் வரை இழுத்து வந்தவர் ஹால்வர்சன். ஆனாலும் அவர் யாருக்கும் பிடிபடவில்லை. சிரிக்க மாட்டார். மனைவி என்றோ பிரிந்துபோனதாகக் கேள்வி; குடும்பம் எங்கே என்று கேட்டால், "பக் எங்க போகுதுன்னு பாரு" என்று பனியில் ஓடும் ரப்பர் வட்டைக் காட்டுவார்.

போதாததற்கு ஒரு கிறுக்குப் பழக்கம் வேறு. உடைமாற்றும் அறையைவிட்டுக் கிளம்பும்போது, கதவு நிலையின் வலது பக்கம் இரண்டு தட்டு, இடது பக்கம் ஒரு தட்டு. பழைய கோல்கீப்பராம், அந்தக் காலத்தில் கோல் கம்பத்தைத் தட்டித் தட்டி வந்த பழக்கமாம்.

டெரிக்குக்கு இது கடைசி வருஷம். கேப்டன் என்று பெயர்தானே தவிர, ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை. நாளை தோற்றால் ஸ்கேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அப்பாவோடு மரம் அறுக்கப் போகவேண்டியதுதான்.

மறுநாள் ஊரே அரங்கத்தில் இருந்தது. முகக்கவசத்தை இறக்கிய நோவாக், ஆட்டம் தொடங்குமுன் மட்டையால் கோல் கம்பங்களைத் தட்டினான். வலது பக்கம் இரண்டு. இடது பக்கம் ஒன்று.

டெரிக் சட்டென்று திரும்பி கோச்சைப் பார்த்தான். அவர் பார்வை நோவாக் மீதே இருந்தது.

"பாத்தியா? சைகை குடுக்கறான்!" என்று லூக்கின் விலாவில் இடித்தான். "எல்லாம் பேசி வெச்சாச்சு."

கடைசிக் கட்டத்துக்கு முன், ஆட்டம் சமநிலையில் இருந்தது. கோச் டெரிக்கைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் குரல் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது.

"அடிக்கிற மாதிரி பாவனை காட்டி நோவாக்கைக் கீழ விழ வை. விழுந்ததும் அவனோட வலது பக்கமாப் போ. இடது காலை உந்தி அந்தப் பக்கம் வர அவனால முடியாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும், கோச்?"

அவர் டெரிக்கின் முகத்தைப் பார்க்கவே இல்லை. "சொன்னதைச் செய்டா. ஜெயிக்கணுமா, வேணாமா?"

கோச்சே வலை விரிக்கிறார், அங்கே நோவாக் காத்திருப்பான் என்று டெரிக் முடிவு கட்டினான். வாய்ப்பு வந்தபோது வேண்டுமென்றே நோவாக்கின் இடது பக்கம் அடித்தான். நோவாக் பூப்பறிப்பதுபோல் பிடித்துக்கொண்டான்.

டெரிக் பெஞ்சுக்கு வந்தான். கோச் கையை மட்டும் வலது பக்கம் காட்டினார். அந்தக் கையை அவர் சட்டென்று பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டதை டெரிக் பார்த்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டான்.

கூடுதல் நேரம். லூக் தள்ளிவிட்ட பக்கோடு டெரிக் தன்னந்தனியாகப் பாய்ந்தான். எதிரே நோவாக் மட்டும்தான். இடது பக்கம் ஏற்கெனவே பலிக்கவில்லை. வந்தது வரட்டும் என்று அடிப்பதுபோல் காட்டி அவனை விழவைத்து, அவனுடைய வலது பக்கம் வளைந்தான்.

நோவாக் இடது காலை உந்தினான். கால் கேட்கவில்லை. அலறிக்கொண்டு குப்புற விழுந்தான். காலியாகக் கிடந்த வலைக்குள் பக் நுழைந்தது.

அரங்கம் அதிர்ந்தது. கையுறைகள் காற்றில் பறந்தன. லூக் அவனைக் கட்டிப்பிடித்துக் காதில் கத்தினான், "விலை போயிட்டாரா? போய்க் கால்ல விழுடா, மடையா!"

டெரிக்குக்கு வெட்கத்தில் காது சுட்டது. தங்கமான மனுஷனைப் போய் என்னென்ன நினைத்துவிட்டோம்! மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும் என்று, இரண்டு அணிகளும் கைகுலுக்கும் வரிசையில் கோச்சுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான்.

எதிர்வரிசையில், தோழனின் தோளைப் பிடித்து நொண்டியபடி நோவாக் வந்தான். முகக்கவசத்தைத் தூக்கியிருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

கோச் கையை நீட்டினார். நோவாக் அந்தக் கையைத் தொடவில்லை.

"முட்டி இன்னும் ஆறலைன்னு உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன், அப்பா?"