வால் பக்கமிருந்து ஒரு நடை

நடுவானில் ஆட்டோபைலட் மண்டையைப் போட்டதும், கேப்டன் விமானத்தைக் கையாலேயே ஓட்டத் தொடங்கினார். அப்படி ஓட்டினால் பின்னால் கனமான ஆள் நடப்பதுகூட உள்ளங்கையில் தெரியும்.

இப்போது தெரிந்தது. வால் பக்கமிருந்து ஏதோ கனம் மெல்ல நடந்து வர வர, விமானத்தின் மூக்கு தாழ்ந்துகொண்டே போனது.

இன்டர்காமில் பணிப்பெண்ணிடம் எரிந்து விழுந்தார். "யாரும்மா அங்க நடக்கிறது? உக்காரச் சொல்லு!"

"எல்லாரும் பெல்ட் போட்டு உக்காந்துதான் சார் இருக்காங்க. நாங்களும்தான்."

மூக்கு இன்னும் தாழ்ந்தது.

"காக்பிட் கதவு பூட்டித்தான் சார் இருக்கு," என்றான் துணை விமானி, யாரும் கேட்காமலே.

ஒருவழியாக நடை நின்றது. கேப்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர்கள் முதுகுக்குப் பின்னால், காலியாக இருந்த மூன்றாவது இருக்கையில், பெல்ட் மாட்டும் சத்தம் டக்கென்று கேட்டது.