மதில் போட்ட கம்பளம்

பத்ரிநாத்தும் மனைவி ருக்மிணியும் குடியிருந்த கோர்படி குவார்ட்டர்ஸுக்கு அந்தக் கம்பளம் 1997 மார்கழியில் வந்தது. நாலு பக்கமும் மதில், உள்ளே பூப்பாத்திகள், நட்டநடுவில் ஒரு குளம். எல்லாம் கையால் முடிச்சுப் போட்டு நெய்த காஷ்மீர் கம்பளி. "ரோமம் வாசலைப் பார்த்துப் படியணும், மாத்திப் போடாதீங்க" என்று விற்றவர் இந்தியில் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பத்ரிநாத் கேட்கவில்லை. சோபாவிலிருந்து பார்த்தால் பூவெல்லாம் தலைகீழாம். திருப்பிப் போட்டுவிட்டார்.

ருக்மிணி தினமும் காலையில் அதை பிரஷால் நீவிவிடுவாள். சாயங்காலம் பார்த்தால் அவளுடைய வெறுங்கால் தடங்கள் குளம்வரை போயிருக்கும். திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இருக்காது.

"ஏன்னா, போன தடம்தான் இருக்கு. வந்ததைக் காணோமே."

"ரோமம் ஒரு பக்கமாப் படியறதோன்னோ, அதான் தெரியலை" என்றார் கணவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு சாயங்காலம் தடங்களைப் பார்த்துக்கொண்டே குளம்வரை வந்துவிட்டாள். அங்கிருந்து சமையலறைப் பக்கம் புதுத் தடங்கள் போயிருந்தன. அவளுடையதைப் போலவே இடதுகால் சுண்டுவிரல் வளைந்திருந்தது. பின்னால் நகரப் பார்த்தாள். கால் எழும்பவில்லை; உடம்பு முழுக்க ரோமத்தோடு ரோமமாகக் கம்பளத்தில் படிந்துபோயிருந்தது.

கதவு திறந்தது. பத்ரிநாத் செருப்பைக் கழற்றிவிட்டு, அவளைப் பார்க்காமல், அவள்மேலேயே நடந்து போய் சோபாவில் உட்கார்ந்தார்.

"ருக்கு, காபி ஆச்சா?"

அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

"ஆச்சு" என்றது சமையலறையிலிருந்து அவள் குரல். "குடிச்சுட்டு அந்தக் கம்பளத்தைச் சுருட்டி லாஃப்ட்ல போட்டுடுங்கோ."