வீட்டுக்கும் காருக்கும்

"சார், சார்! அது ஊதுற ஓட்டை! உறிஞ்சுற ஓட்டை இங்கிட்டு இருக்கு!"

விற்பனைப் பெண் காவ்யா கத்தி முடிப்பதற்குள் ஆண்டியப்பன் சுவிட்சைத் தட்டிவிட்டார். உறிஞ்சிக் காட்டுவதற்காகத் தரையில் தூவியிருந்த கோலமாவு அப்படியே கிளம்பியது. காவ்யாவின் தலை, வரிசையாக நின்ற கறுப்பு ஃபிரிட்ஜ்கள், மனைவி செவந்தியின் மூக்குக்கண்ணாடி என்று பாரபட்சமில்லாமல் இறங்கியது. புதுக்கோட்டை கீழராஜ வீதியில், கடைக்குள்ளேயே மார்கழி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"நீங்களா குழாய மாட்டாதீங்கன்னு அந்தப் புள்ள ரெண்டு தடவ சொல்லுச்சுல்ல?" என்றாள் செவந்தி, கண்ணாடியைத் துடைத்தபடி.

"ரெண்டு ஓட்ட வச்சா, எது ஊதும் எது உறிஞ்சும்னு எழுதிப் போட வேணாமா?"

"எழுதியிருக்கு சார்," என்றாள் காவ்யா. நல்ல பெண். தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சிரிப்பு மாறாமல் கேட்டாள். "வீட்டுக்கு மட்டுமா சார், காருக்கும் சேத்தா?"

"ரெண்டுக்கும்."

"சின்னக் கார்னா இந்தக் கைமெஷினே போதும். பெரிய கார், பெரிய வீடுன்னா அந்த டிரம் மாடல்தான். எத்தனை ரூம் வீடு சார்? என்ன கார்?"

ஆண்டியப்பன் செவந்தியைப் பார்த்தார். செவந்தி ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

"அது தெரிஞ்சா நான் ஏம்மா இங்கிட்டு நின்னு மாவு தூத்துறேன்?"

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை, மகள் இனியாவைப் பெண் பார்க்கப் பொன்னமராவதியிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கோபிநாத், வங்கியில் வேலை. கூட அவன் அம்மா சந்தனம். இனியாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அவள் வாயால் சொல்லவில்லை. அவன் குடித்த காபித் தம்ளரை அவளே கழுவி வைத்தாள். பெற்றவர்களுக்கு அது போதாதா?

சொந்த ஊரான குன்றாண்டார்கோவிலிலிருந்து கீரனூர் பஸ் ஸ்டாண்டு வரை ஆண்டியப்பனே தன் பழைய காரில் அவர்களைக் கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது, சீர் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சந்தனம் சேலையை உதறிக்கொண்டே சொன்னாள்:

"சீரெல்லாம் ஒண்ணும் வேணாம்ணே. ஒரு நல்ல வேக்குவம் கிளீனர் மட்டும் வாங்கிருங்க. வீட்டுக்கும் காருக்கும் ஆகுற மாதிரி."

பஸ் நகர்ந்த பிறகுதான் ஆண்டியப்பனுக்கு உறைத்தது. அவர்களிடம் கார் இல்லை. வந்ததே பஸ்ஸில்.

"காரே இல்லாதவுக காருக்கு மெஷின் கேட்டா என்னடி அர்த்தம்?"

"கார் கேக்குறாகன்னு அர்த்தம்," என்றாள் செவந்தி. அதோடு விட்டாளா? "அவுக இருக்குறது வாடகை வீடு. வீட்டுக்கும்னு வேற சொல்லியிருக்காக. யோசிங்க."

அன்றிலிருந்து ஆண்டியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கிணற்றடி ஒன்றரை ஏக்கரை விற்றால் கார் வரும். வீடு வராது. இதை இனியாவிடம் சொன்னால், 'அப்ப இந்தச் சம்மந்தமே வேணாம்பா' என்று அந்த நிமிஷமே சொல்லிவிடுவாள். அதற்கப்புறம் அவள் முகத்தை யார் பார்ப்பது? அதனால், நிலத்தைப் பார்க்க ஆளை வரச் சொல்லிவிட்டு, எவ்வளவு பெரிய கார் என்று தெரியாததால் எவ்வளவு பெரிய மெஷின் என்றும் தெரியாமல் இங்கே வந்து நிற்கிறார்.

"சம்மந்தியம்மாவுக்கே போனப் போடுங்க," என்றாள் செவந்தி. "நாசூக்காக் கேளுங்க. ஒடச்சுக் கேட்டுத் தொலைச்சிராதீங்க."

போட்டார். ஸ்பீக்கரில் சந்தனத்தின் குரல் கணீரென்று வந்தது.

"சொல்லுங்கண்ணே!"

"அந்த மெஷின் வாங்கத்தான் கடைக்கு வந்திருக்கோம்."

"ரொம்ப சந்தோசம்ணே. நான் சொன்னத மறந்துருவீங்களோன்னு நெனச்சேன்."

"சின்னக் காருக்கு ஒண்ணு, பெரிய காருக்கு ஒண்ணுன்னு இருக்காம். எதை எடுக்கட்டும்?"

"இத எங்கிட்டக் கேட்டா எப்படிண்ணே? காரப் பத்தி ஒங்களுக்குத் தெரியாததா?"

ஆண்டியப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பெருசு," என்று செவந்தியிடம் முணுமுணுத்தார்.

"அப்புறம்... வீடு எத்தன ரூமுன்னு கடையில கேக்குறாங்க."

"எத்தன ரூமா இருந்தா என்ன, மாடியையும் சேத்தே சொல்லிருங்க. கல்யாணம் ஆனா புள்ளைக ரெண்டும் மாடியிலதான தங்கப் போகுதுக!"

"மாடி வீடா!" செவந்தி பக்கத்திலிருந்த வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டாள்.

நாசூக்கெல்லாம் ஆண்டியப்பனை விட்டுப் பறந்தது. "சம்மந்தியம்மா! நான் சூது வாது தெரியாத ஆளு. எம்பொண்ணுக்கு ஒங்க பையனப் புடிச்சிருக்கு. அதுக்காகக் கிணத்தடி நெலத்தக் கொடுத்துருவேன். கார் வரைக்கும் தாங்குவேன். மாடி வீட்டுக்கு நான் எங்க போவேன்? ஒங்களுக்கு என்னதான் வேணும்? சுத்தி வளைக்காம நேரா சொல்லிருங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது.

"அய்யய்யோ, நாங்க எங்கண்ணே காரும் வீடும் கேட்டோம்?" என்றாள் சந்தனம். "அந்த மெஷின் எங்களுக்கில்ல, ஒங்களுக்கு! ஒங்க வீட்டுக்கும் ஒங்க காருக்கும்! சாடையாச் சொன்னாப் புரிஞ்சுக்குவீங்கன்னு பாத்தேன். அன்னைக்கு வந்துட்டுப் போனதுலருந்து எம்மகன் இன்னும் தும்மிக்கிட்டுக் கெடக்கான். மறுவீட்டுக்கு வந்தா ஒங்க மாடியில மூணு நாளு தங்கணுமேண்ணே!"