முதல் வீட்டுக்காரர்

நகர் முகப்பில் வைக்கப்போகும் கல்லில் பொறிக்கவேண்டியதை சிவபிரகாஷ் செல்போனிலிருந்து வாசித்துக் காட்டினான். அவன் நகர் நலச் சங்கச் செயலாளர்.

"இந்நகரின் முதல் வீட்டைத் தொலைநோக்கோடு கட்டிய அமரர் ராஜமாணிக்கம்."

அமிர்தவல்லி தலையாட்டினாள். ராஜமாணிக்கம் அவள் கணவர்.

நாற்பது வருஷத்துக்கு முன்பு புரோத்ராபூரின் இந்த ஓரத்தில் வயலும் அட்டைப்பூச்சியும்தான். அதுவரை குடியிருந்த டெய்ரி ஃபார்ம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு இருமல்கூடக் காதில் விழுகிறது என்று, ஒரு கூரையும் கண்ணில் படாத இடமாகத் தேடி வந்து அவர் தகர வீடு போட்டார்.

அவளுக்குப் பேச ஆள் வேண்டும்.

கரண்டுக்கு மனு எழுதினாள். கம்பம் வந்தது, பின்னாலேயே ஆறு வீடுகள் வந்தன. குழாய் கேட்டாள். இருபது வீடுகள். பஸ் கேட்டாள். பிறகு அவள் எண்ணவில்லை.

ஒவ்வொரு கிரகப்பிரவேசத்துக்கும் பாயசத்தோடு போய்வந்தாள். அன்றெல்லாம் அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

தார் ரோடு போட்ட வருஷம், கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக் கப்பலேறினார். அவளைக் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூன்று வருஷத்தில் சுனாமி வந்தது. கட்சாலில் பாதி ஊர் போய்விட்டது என்றார்கள்.

நகரே அவள் வீட்டில் வந்து உட்கார்ந்தது. பெங்காலிக்காரி சோறு வடித்தாள், தெலுங்குக்காரி தலைவாரிவிட்டாள். பத்தாம் நாள் ஒரு போன் வந்தது; வைத்துவிட்டு வந்து அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யாரோ காபி டம்ளரைக் கையில் திணித்து, "ரோனா மத், அழாதே" என்றார்கள். அந்த வீட்டில் அத்தனை பேரை அவள் பார்த்ததே இல்லை.

குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

"மறைஞ்ச தேதி மட்டும் பக்காவா வேணும், ஆன்ட்டி."

"கேட்டுச் சொல்றேன்."

அவன் 'டீக் ஹை, சரி' என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போனான்.

அமிர்தவல்லி கதவைச் சாத்திவிட்டுக் கட்சாலுக்கு போன் போட்டாள். எட்டாவது மணி அடித்ததும் ராஜமாணிக்கம் எடுத்தார். கல்லைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது.

"அங்க கூட்டம் கொஞ்சமாவது குறைஞ்சிருக்கா?"

"இருநூத்திப் பன்னெண்டு வீடு."

"அப்ப சுனாமி அன்னிக்குன்னே போட்டுடச் சொல்லு" என்றார்.