முதல் பதிவு

தொழிலுக்காக ஃபேஸ்புக்கில் பிளம்பர் போட்ட முதல் பதிவைப் படித்ததுமே மனைவி கொதித்தாள்.

“பேஜ் ஆரம்பிச்சா நல்லா செஞ்ச வேலையைத்தான் எல்லாரும் போடுவாங்க. நீங்க என்னன்னா, ‘போன மாசம் வேலை பார்த்த ரெண்டு வீட்டுல பைப் ஜாயின்ட் ஒழுகுது. தப்பு என்னோடது, இலவசமா மாத்தித் தர்றேன்’னு போட்டிருக்கீங்க! உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கணுமா?”

“ஒழுகுறதை மறைச்சா சுவரே ஊறிடும்” என்று சிரித்தார் அவர்.

அவரிடம் வேலை பார்க்கும் அவள் தம்பி, போனும் கையுமாக உள்ளே வந்தான்.

“மாமா, அந்த ரெண்டு வீட்டுலயும் ஜாயின்ட் ஒட்டினது நான்தானே? என் பேரைப் போட வேண்டியதுதானே?”

பிளம்பர் அவன் தோளில் கை போட்டார்.

“அடுத்த மாசம் நீ தனியா தொழில் தொடங்கப் போறே, மாப்ளே. உன் பேரை ஜனங்க முதமுதலா ஒழுகுற பைப்போடவா பார்க்கணும்?”