இழுத்துப் போட்ட நாற்காலி

சாவுச் செய்தி சொல்லும் தேர்வில் போன முறை மெர்லின் வாசலிலேயே அழுது தோற்றிருந்தாள். இந்த முறையும் தோற்றால் ஆறு மாதம் வீண். மருத்துவக் கல்லூரியின் அந்தச் சின்ன அறையில், இல்லாத மகனுக்குத் தாயாக நடிப்பவள் வார்டைத் துடைக்கும் செண்பகம். காலையிலிருந்து நாற்பது மாணவர்கள் நின்றபடியே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் மகனைச் சாகடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவளும் தனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தபடியே ஒவ்வொருவர் முன்னும் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதிருந்தாள். மெர்லின் சுவரோரம் கிடந்த நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் நிறைந்தது, அவள் துடைக்கவில்லை. "அம்மா, எவ்வளவோ பாத்தோம், உங்க பையனைக் காப்பாத்த முடியல. இறந்துட்டாரும்மா." குரல் பிசிறவில்லை. எதிரே இருந்த முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள். செண்பகத்தின் கை முந்தானைக்குப் போகாமல் மெர்லினின் மணிக்கட்டைப் பிடித்தது. "கடைசில எம்புள்ள என்னயத் தேடுனானா, டாக்டரம்மா?" மதிப்பெண் தாளோடு மூலையில் நின்ற பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். சொல்லிக்கொடுத்ததில் அந்தக் கேள்வி இல்லை. நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. மெர்லின் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.